தகட்டில் விழுந்த கோடு

“கையைப் பின்னால கட்டிக்கோ. எதையும் தொடாதே!”

அண்ணி அதட்டியதும் கொழுந்தன் கைதியைப் போல நின்றான். ஆய்வுக்கூடத்தில் அவன் பேரே இப்போது ‘ஃபிராடு’தான்.

ஒரு தகட்டை உறையும் குளிருக்கும் கீழே, அடிமட்டக் குளிருக்குக் கொண்டுபோய், டெராஹெர்ட்ஸ் என்னும் கண்ணுக்குத் தெரியாத கதிரால் படம் எடுத்திருந்தான். அந்தக் கதிருக்குத் தகடு வெறும் கண்ணாடி மாதிரி, எதுவும் தெரியக்கூடாது. இவன் படத்திலோ ஒரு கறுப்புக் கோடு. புதுக் கண்டுபிடிப்பு என்று கொண்டாடினார்கள்.

வேறு கூடங்களில் எவர் எடுத்தாலும் கோடு வரவில்லை. ‘இவனே படத்தில் கோடு இழுத்துவிட்டான்’ என்று புகார் போனது. அந்தக் கதிரைப் பற்றித் தெரிந்தவர் வேறு யாரும் அகப்படாமல், விசாரணை அண்ணி தலையிலேயே வந்து விழுந்தது. அன்றிலிருந்து வீட்டில் கணவர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

படம் எடுக்கும் பெட்டிக்குள் தகட்டை வைத்துக் குளிரவைக்கும் ஆபரேட்டரைக் கூடமே ‘ஐஸ்காரர்’ என்று கூப்பிடும். ஆளைக் காணோம். ஆனால் பெட்டி குளிர்ந்து தயாராக உறுமிக்கொண்டிருந்தது. அண்ணிக்குப் பொறுக்கவில்லை, பட்டனை அழுத்திவிட்டாள்.

“இந்தத் தடவை புதுத் தகடாச்சே அண்ணி. கோடு வருமா?”

“வந்தா உன் வேலை தப்பும். வரலேன்னா என்னை எதுவும் கேக்காதே.”

திரையில் படம் மேலிருந்து மெல்ல மெல்ல இறங்கியது. வெள்ளை. மறுபடி வெள்ளை. கொழுந்தன் திரையை நோக்கிக் குனிந்தான்.

“அண்ணி! வந்துடுச்சு!”

நடுவில் கறுப்பாக, சாய்வாக, ஒரு கோடு. அண்ணி அவனுடைய பழைய படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். மயிரிழை வித்தியாசம் இல்லை.

“தகடே வேற. ஆனா கோடு அச்சு அசலா அதே இடத்துல!” அவள் அவன் பக்கம் திரும்பினாள். “உன்னைப் போய் சந்தேகப்பட்டேனேடா. மன்னிச்சுடு.”

கட்டிய கையை அவிழ்க்கக்கூடத் தோன்றாமல் அவன் அழுதான். அண்ணி கணவருக்குப் போன் போட்டாள்.

“உங்க தம்பி பொய் சொல்லலைங்க. என் கண்ணால பார்த்துட்டேன். விசாரணைக் கமிட்டிக்கும் இப்பவே மெயில் போயாச்சு.”

மறுமுனையில் அவர் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. “எல்லாருக்கும் சொல்லிடட்டுமா?”

“ஊருக்கே சொல்லுங்க!”

அவள் போனை வைக்கவும், ஐஸ்காரர் ஒரு சின்ன டப்பாவைப் பத்திரமாகப் பிடித்தபடி உள்ளே வரவும் சரியாக இருந்தது.

“வெறும் பெட்டியைக் குளிர வெச்சுப் பார்த்துட்டேன் மேடம், இப்ப தகட்டை உள்ள வைக்கலாமா?”