கரிநாளில் கெமிஸ்ட்ரி

முசரவாக்கத்திலிருந்து வந்த தணிகாசலம், தன் சின்ன மகளின் தேர்வு அட்டவணையைக் கல்லூரி முதல்வர் ஃபாதர் இருதயராஜின் மேஜைமேல் வைத்தார்.

"இங்கிலீஷ் அஷ்டமியில, பிசிக்ஸ் நவமியில, கெமிஸ்ட்ரி கரிநாள்ல. கணக்கு ஒண்ணுதான் நல்ல நாள்ல வருது. நீங்க சாமியாரு, உங்களுக்கு இதெல்லாம் கிடையாது. எங்க புள்ளைங்க பாஸாக வேணாமா ஃபாதர்?"

ஃபாதர் டிராயரைத் திறந்து, ஓரம் நைந்த பஞ்சாங்கம் ஒன்றை எடுத்தார். "பார்த்துத்தான் போட்டேன்."

தணிகாசலத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. "வேணும்னே கெட்ட நாளா பார்த்தா போட்டீங்க?"

"வேற வழியில்லைங்க. பட்டு வியாபாரம் படுத்ததிலேர்ந்து பாதிப் பேர் ஃபீஸ் கட்டலை. வாத்தியாருங்களுக்குச் சம்பளம் தரணுமே. முகூர்த்த நாள்ல எல்லாம் பரீட்சை ஹாலைக் கல்யாணத்துக்கு விட்டுட்டோம். மண்டபத்துல கேக்கறதுல பாதிதான் வாங்கறோம்."

தணிகாசலம் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். வந்த கோபம் போன இடம் தெரியவில்லை.

"பெரியவளுக்கு இந்தத் தையிலயே முடிக்கணும் ஃபாதர். மண்டபம் கேட்டு அலைஞ்சிக்கினு இருக்கேன். எதுனா ஒரு நாள் காலியா இருக்குதா?"

"ஒண்ணே ஒண்ணு இருக்கு. ஆனா அன்னைக்குத்தான் சின்னவளுக்குக் கணக்குப் பரீட்சை."

"அதுக்கென்னா ஃபாதர்? நவமியில பிசிக்ஸ் எழுதற பொண்ணு, அன்னிக்குக் காலையில அக்கா கல்யாணம் முடிஞ்சதும், மத்தியானமே கணக்கையும் எழுதிட்டுப் போவுது."