தகுதியில்லை

“உங்க பொண்ணு தேறலை. அடுத்தவங்களை வரச் சொல்லுங்க.”

நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னாள் அந்த அதிகாரி. வெளிநாட்டுத் தனியார் கல்லூரி ஒன்றுக்கு ஆள் சேர்த்துவிடும் அலுவலகத்தில் நேர்காணல் நடத்துவது அவள் வேலை.

பெண்ணின் அப்பாவான தையற்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. கேட்ட கேள்விக்கெல்லாம் மகள் டாண் டாண் என்று பதில் சொன்னதைப் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தவராயிற்றே!

“எதுல தப்பு பண்ணினா மேடம்?”

“கதவைத் தட்டாம உள்ளே வந்தா.”

“கதவு திறந்துதானே இருந்தது?”

“ஓ, எதிர்த்துப் பேசறது குடும்ப வழக்கமா?”

“இந்தப் படிப்பை நம்பி, பார்த்துக்கிட்டிருந்த வேலையையும் விட்டுட்டா மேடம்...”

“போய்த் திரும்பச் சேரச் சொல்லுங்க.” விண்ணப்பத்தின் மேல் ‘தகுதியில்லை’ என்று ஓங்கி முத்திரை குத்தினாள்.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் முதலாளி முகம் சுளித்தார். அவருக்காவது மனசு இருக்கிறதே என்று தையற்காரருக்குக் கொஞ்சம் ஆறுதல்.

தெருவுக்கு வந்தும் மகளின் அழுகை ஓயவில்லை.

“அழாதேம்மா. அவ கிடக்கறா, சிடுமூஞ்சி! நான் முதலாளிகிட்டயே பேசிட்டு வரேன்.”

மூச்சிரைக்க மறுபடி மாடியேறினார்.

படித் திருப்பத்தில் அதே அதிகாரி சுவரைப் பார்த்து நின்றபடி, செல்போனில் அடிக்குரலில் பேசிக்கொண்டிருந்தாள்.

“கல்விக் கண்காணிப்பு அலுவலகம்தானே சார்? புகார் கொடுத்தேனே, நான்தான். நாலு மாசமாச்சு. அந்தக் காலேஜுல வகுப்பே நடக்கறதில்லை. போன வருஷம் விவரம் தெரியாம நான் தேர்வு பண்ணி அனுப்பின பிள்ளைங்க, விசா ரத்தாகி நடுத்தெருவுல நிக்குதுங்க... வேலையை விட்டுடலாம்தான் சார். என் இடத்துக்கு வர்றவங்க கேட்டவங்களையெல்லாம் அனுப்பிடுவாங்களே!”

தையற்காரர் படியிலேயே நின்றுவிட்டார்.

“ஏதேதோ நொட்டை சொல்லி இதுவரைக்கும் முப்பத்தொரு பேரைத் தடுத்துட்டேன். இப்போகூட ஒரு தங்கமான பொண்ணை அழ வச்சுத் திருப்பி அனுப்பிட்டுத்தான் வந்து நிக்கறேன். முதலாளிக்குச் சந்தேகம் வந்துடுச்சு சார். நாளையிலிருந்து அவரே நேர்காணல் நடத்தறாராம்... நீங்க எப்போ சார் வருவீங்க?”