அத்தை தூங்கணும்

"படுத்ததும் தூக்கம் வர்ற மாத்திரையா குடுங்க டாக்டர்," என்றாள் சண்முகவடிவு.

கந்தப்பளை டாக்டர் பிரஷர் பார்த்தார். அவள் கண்ணிமையை விரித்துப் பார்த்தார். தூக்கம் கெட்ட முகமாகத் தெரியவில்லை.

"தூக்க மாத்திரை பழகிட்டா விடாதும்மா. சும்மா தர ஏலாது."

"நீங்க தரலேன்னா எம்மகன் குடும்பம் கெட்டுப்போயிரும். கல்யாணமாகி ஒரு மாசந்தான் ஆகுது. இப்பவே ரெண்டு பேரும் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்காங்க."

"ஏன், தூக்கமில்லாத எரிச்சல்ல அவங்களோட சண்டை போடுறீங்களா?"

சண்முகவடிவு கதவைப் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள்.

"நான் தலைய சாச்சா பொணந்தான் டாக்டர். எங்க தோட்டத்து லயத்து வீட்ல இருக்கிறது ஒத்தக் காம்பரா, மூணு பேரும் அந்த ஒரே அறையிலதான் படுக்கணும். அத்தை முழிச்சிருப்பாங்கன்னு வெக்கப்பட்டுக்கிட்டு, அந்த மருமகப் புள்ள எங்கூடவே ஒட்டிப் படுத்துக்குது. மகன் தனியா கெடக்குறான். மாத்திரைய அவ கண்ணால பார்த்தா போதும்."

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, சத்து மாத்திரைகளைக் காகித உறையில் போட்டார். வெளியே காத்திருந்த மருமகள் தனுஜாவை உள்ளே கூப்பிட்டார்.

"இதைப் போட்டா அத்தைய இடி விழுந்தாலும் எழுப்ப ஏலாது மகள்."

தனுஜா தலையைக் குனிந்தபடி உறையை வாங்கிக்கொண்டாள்.

"வெளக்கு வச்சதுமே குடுத்துறலாமா டாக்டர்?"