சிலுவைக் குறி

ஈஸ்டருக்கு முந்தின பெரிய வாரம் முழுக்க அந்த அடைக்கோழி என் உயிரை வாங்கியது.

அது இடம்பிடித்தது எங்கள் கட்டிலுக்கு அடியில். பின்னால் இருந்த கொட்டகையில் தேயிலைப் பெட்டி வைத்து, லாலாங் புல் பரப்பி, மூன்று முறை கொண்டுபோய் விட்டேன். மூன்று முறையும் என் கையைக் கொத்திவிட்டுக் கட்டிலுக்கே ஓடிவந்தது.

"இன்னைக்கு நீயா நானான்னு பாத்துடலாம்லா!" என்று சனிக்கிழமை அதைப் பெட்டியில் விட்டுக் கூடையால் மூடினேன்.

"கோழிகிட்ட என்னங்க ரோஷம்?" என்று சிரித்தாள் என் மனைவி அகத்தா.

சாயங்காலம் கூடையை எடுத்தேன். கோழி அசையவில்லை! சமையலறைக்கு ஓடினேன். அடைக்கென்று பத்து முட்டைகளில் கரியால் சிலுவைக் குறி போட்டு வைத்திருந்தேன். சிலுவை தெரிந்த பத்தை அள்ளிவந்து அதன் வயிற்றுக்கடியில் வைத்தேன். சிறகை விரித்து மூடிக்கொண்டது.

மறுநாள் ஈஸ்டர். பாடாங் செராய் கோயிலில் பூசை முடிந்ததும் அகத்தா ஃபாதரிடம் முட்டைத் தட்டை நீட்டினாள். அவர் ஒன்றை எடுத்து மேசையில் தட்டினார். மஞ்சள் கரு அவருடைய வெள்ளை அங்கியில் வழிந்தது.

"ஐயோ, நேத்தே அவிச்சு, கோயிலுக்குன்னு சிலுவை போட்டு வச்சேனே!" என்று அலறினாள் அகத்தா.

நான் அவள் பக்கம் திரும்பினேன். "நீயுமா சிலுவை போட்டே?"

வீட்டுக்கு ஓடிப் பெட்டிக்குள் கையை விட்டேன். வாரம் முழுக்க அதில் உட்கார மறுத்த கோழி, அவித்த முட்டைகளை விட்டு எழுந்திருக்க மறுத்து என் கையைக் கொத்தியது.