மூன்று நாளாக உறிஞ்சாத பொடி

அல்மாட்டி ஆய்வுக்கூடத்தில் ஓராஸ்பெக்கின் தற்காலிக வேலை அன்றோடு முடிகிறது. ஹைட்ரஜனை உறிஞ்சிக்கொண்டு, சூடாக்கினால் திருப்பித் தரும் பெரோவ்ஸ்கைட் என்ற படிகப் பொடிகளைச் சோதிப்பதுதான் வேலை. தலைவி ஷோல்பான் கடைசியாகக் கொடுத்த பொடியோ மூன்று நாளாக எதையுமே உறிஞ்சவில்லை.

“போன வருஷம் இதே குப்பியில உனக்கு முன்னாடி இந்த வேலையில இருந்த அஸ்கார் நாலு சதவீதம் உறிஞ்சினதா காட்டினான். உனக்கு எவ்வளவு?” என்றாள் ஷோல்பான்.

நாலு என்று சொல்லிவிட்டால் வேலை நிரந்தரமாகிவிடும் என்று ஓராஸ்பெக்குக்குத் தோன்றியது.

“பூஜ்யம் அக்கா. மூணு தடவை பார்த்தாச்சு. என் கை சரியில்லைன்னா அனுப்பிடுங்க.”

“திங்கக்கிழமை நேரத்தோட வந்து சேரு. இனி நீ நிரந்தரம்.”

“அப்போ அந்தப் பொடி?”

“எங்க வீட்டு உப்புப்பா, அரைச்சுக் கொண்டாந்தேன். அதுல நாலு சதவீதம் கண்டுபிடிச்ச புண்ணியவானைத்தான் வீட்டுக்கு அனுப்பினேன். மிச்ச உப்பு நேத்து குதிரைக்கறியில போச்சு.”

மூன்று நாளாகச் சோறு இறங்காத ஓராஸ்பெக்குக்கு இப்போதுதான் பசித்தது.