பேர் மாறிய நோட்டீஸ்

நாச்சாத்தாளின் புருஷன் கருப்பண்ணன் மலாய்த் தோட்டத்துக்குப் போய்ப் பன்னிரண்டு வருஷம். ஒரு கடுதாசி இல்லை. வருஷா வருஷம் அவன் பேருக்கு வரும் வீட்டு வரி நோட்டீஸ்தான் அவளுக்கு ஆறுதல். அதைக் கொண்டுவரும் முனிசிபல் சேவகரிடம் அந்தப் பேரை இரண்டு தரம் படிக்கச் சொல்லிக் கேட்பாள்.

இந்தத் தடவை அவர் படித்தது அவள் பேரை.

நாத்தனார் ஓடிவந்து மாரடித்துக்கொண்டாள். “எந்தம்பி போயிட்டானே! புருஷன் செத்தாத்தானே ஊடு பொண்டாட்டி பேருக்கு வரும்? கழட்டு புள்ளே தாலிய!”

“உசுரோட இருக்கறவருக்கு எதுக்குங்க கழட்டோணும்?”

நோட்டீஸும் கையுமாக முனிசிபல் ஆபீசுக்கு நடந்தாள் நாச்சாத்தாள். நாத்தனாரும் பின்னாலேயே வந்து வாசலில் நின்றுகொண்டாள்.

“ஏனுங்க சாமி, எம்புருஷன் செத்துட்டாருன்னு யாருங்க சொன்னது? அவரு பேரையே போடுங்க.”

குமாஸ்தா ரிஜிஸ்தரைப் புரட்டினார். “யாரும் அப்படிச் சொல்லலையேம்மா. போன மாசம் அவரே வந்தாரு. இந்தப் பெஞ்சில உக்காந்துதான், வீட்டை உங்க பேருக்கு மாத்தச் சொல்லிக் கையெழுத்துப் போட்டாரு. ஏன், வீட்டுக்கு வரலையா?”

ஆபீசுக்கும் வீட்டுக்கும் நடுவே இரண்டே தெரு.

நாச்சாத்தாள் நோட்டீஸை மடித்து இடுப்பில் செருகினாள். “எம்பேரே இருக்கட்டுமுங்க.”

வாசலில் நாத்தனார் கையைப் பிடித்தாள். “என்ன புள்ளே சொன்னாங்க?”

“நீங்க சொன்னதுதானுங்க நெசம். செத்துத்தான் போயிட்டாரு” என்று சொல்லி, நாச்சாத்தாள் கழுத்துக்குக் கையைக் கொண்டுபோனாள்.