பூஜ்யத்துக்குக் கீழே

“பத்து! அதுக்கு மேல இருந்தா அதையும் எழுதிக்கோ பொண்ணே! அய்யய்யோ, செத்தேன்!”

குவான்சா போட்ட கூச்சலில் எல்மினா கடற்கரை ஆஸ்பத்திரியின் வார்டே திரும்பிப் பார்த்தது.

வலிக் கணக்கு எழுத வந்த அராபாவுக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. நேற்றுவரை “பூஜ்யம்” என்று மார்தட்டிய மனுஷராச்சே!

முட்டி உடைந்தவர்களுக்கு வலியைக் குறைத்துவிட்டுப் பயிற்சி கொடுத்தால் சீக்கிரம் நடப்பார்களா? இதுதான் அராபாவின் ஆராய்ச்சி. தினமும் ஒவ்வொருவரிடமும் கேட்பாள், வலி பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு என்று. ஐந்தைத் தாண்டினால் மாத்திரை. அப்புறம் முட்டியை மடக்க வேண்டும்.

நல்ல ஆராய்ச்சிதான். ஆனால் அடுத்தடுத்த கட்டிலில் வந்து விழுந்ததோ குவான்சாவும் ஈஷுனும்! ஒருவர் சிவப்புக் கொடி அசாஃபோ கம்பெனி என்ற ஊர்க்காவல் படைக்குத் தலைவர். மற்றவர் மஞ்சள் கொடிக்குத் தலைவர். கொடியும் முரசுமாகப் பாட்டன் காலத்திலிருந்து முறைத்துக்கொண்டு திரியும் கூட்டங்கள். தலைவர் வலிக்கிறது என்றால் மொத்தக் கம்பெனிக்கும் மானம் போச்சு.

வந்த நாளிலிருந்து இதே கூத்துதான்.

“ஈஷுன் ஐயா, வலி எவ்வளவு?”

“பூஜ்யம்.”

“குவான்சா ஐயா?”

“பூஜ்யத்துக்குக் கீழே ஏதாச்சும் இருக்கா?”

குவான்சாவின் முட்டியாவது மடங்கியது. ஈஷுனின் கால் உலக்கை மாதிரி நீட்டிக்கொண்டு கிடந்தது. தொட்டாலே அவருக்கு வியர்த்துக் கொட்டும். கேட்டால் “புழுக்கம்” என்பார். இந்த வாரமும் மடங்காவிட்டால் ஜென்மத்துக்கும் மடங்காது, படகில் ஏறுவதை மறந்துவிட வேண்டியதுதான் என்று பெரிய டாக்டர் சொல்லிவிட்டார். அராபா கெஞ்சிப் பார்த்தாள், அதட்டிப் பார்த்தாள். ஊஹூம்.

இன்றைக்குப் பார்த்தால் குவான்சா இப்படி! அதுவும் சொந்தக் கம்பெனிக்காரர்கள் கென்கே மாவுருண்டையும் பொரித்த மீனும் கொண்டுவந்து சுற்றி நிற்கும்போது!

“தலைவரே, மெதுவா... மஞ்சக் கொடிக்காரன் காதுல விழுது” என்று ஒருவன் கெஞ்சினான்.

“விழட்டும்டா! உங்களுக்கென்ன, எனக்கில்ல வலிக்குது! ஐயோ அம்மா!”

பாவம், மீனை வைத்துவிட்டுத் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நழுவினார்கள்.

ஈஷுனுக்குத் தலைகால் புரியவில்லை. கட்டிலைத் தட்டித் தட்டிச் சிரித்தார்.

“கேட்டீங்களா சனங்களே! செவப்புக் கொடிச் சிங்கம் பத்துன்னு ஊளையிடுது! பொண்ணே, இங்க வா. என்னைக் கேளு.”

“சொல்லுங்க ஐயா, எவ்வளவு?”

“எட்டு!” என்றார் பெருமையாக. “வெறும் எட்டு! அவனைவிட ரெண்டு கம்மி. எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லிட்டு எழுது!”

அராபாவுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டு ஓடிப்போய் மாத்திரையை எடுத்து வந்தாள். அது வேலை செய்ய ஆரம்பித்ததும் முட்டியைப் பிடித்தாள்.

மடங்கியது! கொஞ்சம்தான், ஆனாலும் மடங்கியது! ஈஷுன் வாயைப் பிளந்தார். வார்டே கைதட்டியது.

அந்தச் சந்தோஷத்தில் குவான்சாவை மறந்தே போனாள். பத்து என்று கத்தினவராச்சே! பதறிக்கொண்டு மாத்திரையோடு ஓடினாள்.

அவரோ நிதானமாக மீன்முள்ளை எடுத்துக்கொண்டிருந்தார்.

“என்ன சவடால் விட்டீங்க! கடைசியில இவ்வளவுதானா? இந்தாங்க, போட்டுக்கோங்க.”

அவர் மாத்திரையைத் தள்ளிவிட்டார். “எனக்கெதுக்கு? சத்தியமா ரெண்டுதான். எழுதினதை மாத்திக்கோ, உன் ஆராய்ச்சி கெட்டுடப் போகுது.”

“அப்ப எதுக்கு அந்தக் கூச்சல்?”

குவான்சா பக்கத்துக் கட்டிலைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“விடிய விடிய போர்வையை வாயில அடைச்சுக்கிட்டு அழறான்மா. நான் பத்துன்னாத்தானே அவன் எட்டுன்னு சொல்லுவான்!”